பேரக்கா ஒட்டிய லேபிள்கள்

விமான நிலையத்துக்குப் பின்னால், சரக்கு லாரிகள் திரும்புகிற சாலையில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சிமென்ட் கிடங்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே காலை வைத்தால்தான் உப்புத் தண்ணீர் வாடை மூக்கில் ஏறும். இருநூறு கண்ணாடித் தொட்டிகளின் மோட்டார்கள் ஒரே சுருதியில் முணுமுணுப்பது கேட்கும். வீட்டில் மீன்தொட்டி வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கான கடல் உயிர்கள் எல்லாம் அங்கே வந்து இறங்கி, அங்கிருந்துதான் கடை கடையாகப் பிரிந்து போகும். அந்தக் கொட்டகையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் பேரக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பேர் வைக்கிற அக்கா என்பது நாளடைவில் பேரக்கா ஆகி, முதலாளியிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லார் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் பேர் வைத்தது ஆக்டோபஸ்களுக்கு.

தொட்டி கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். அப்போதெல்லாம் தெர்மகோல் பெட்டிக்குள் பை பையாக ஆக்டோபஸ்கள் வரும். பைக்கு ஒன்று, இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பெட்டி மேல் "ஆக்டோபஸ், கலப்பு" என்று ஒரே வரி இருக்கும். கலப்பு என்றால் பிடித்தவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது என்று அர்த்தம். வாங்கிப் போன கடைக்காரர்கள் போனில் கத்துவார்கள். உள்ளங்கை அளவு என்று சொல்லிக் கொடுத்தது மூன்றே மாதத்தில் முழங்கை நீளம் வளர்ந்து, தொட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறித் தரையில் செத்துக் கிடந்ததாம். குட்டி என்று நம்பி வாங்கியது இருபதே நாளில் முட்டையிட்டுப் பட்டினி கிடந்து உயிரை விட்டதாம். அது குட்டியே இல்லை. வளர்ச்சி முடிந்த குள்ள இனத்துக் கிழவி. இதையெல்லாம் துடைப்பமும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் முதலாளியிடம் போய், "இந்தப் பெட்டில வந்த ஆறும் ஒரே இனம் இல்லீங்க, மூணு இனம் இருக்கு" என்றாள்.

முதலாளி சிரித்தார். ஆனாலும் மனுஷன் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. மறுநாள் காலை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக விட்டிருந்த டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் வரிசையாகப் பார்த்து, நேற்றுப் பிரித்தது போலவே பிரித்தாள். அன்றைக்கே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மார்க்கர் பேனாவையும் லேபிள் கட்டையும் கையில் கொடுத்துவிட்டார்.

ஆக்டோபஸுக்குப் பேர் சொல்வது மற்ற மீனுக்குச் சொல்வது போல அல்ல. நிறத்தை நம்பினால் மோசம் போனோம். மணலில் வைத்தால் மணல் நிறம், கல்லில் வைத்தால் கல் நிறம், கோபம் வந்தால் இன்னொரு நிறம். தோல்கூட ஒரு நேரம் வழவழப்பு, ஒரு நேரம் பாசி பிடித்த கட்டை மாதிரி. பச்சோந்தியாவது கொஞ்சம் யோசித்து மாறும், இது கண் இமைக்கிற நேரத்தில் மாறிவிடும் என்பாள். அதனால் அவள் பார்ப்பது வேறு. உடம்போடு ஒப்பிட்டால் கை எத்தனை மடங்கு நீளம், கண்ணுக்குக் கீழே வட்டப் புள்ளி உண்டா, பகலில் நடமாடுகிறதா அல்லது விளக்கை அணைத்தால்தான் வெளியே வருகிறதா, நண்டைப் போட்டால் பாய்கிறதா பதுங்குகிறதா. இவற்றை வைத்துத் தன் வாய்க்கு வந்த பெயர்களாகவே வைத்திருந்தாள்: இரட்டைப்புள்ளி, பாசிக்காரன், பகலாளி, குள்ளன். படித்தவர்கள் எழுதிய புத்தகத்தை முதலாளி பிறகு வாங்கித் தந்தபோது, படங்களைப் பார்த்து, இவள் பிரித்து வைத்ததும் அவர்கள் பிரித்து வைத்ததும் ஒன்றுதான் என்று கண்டு அவளுக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

கடைசியாக நீலவளையம். விரல் நீளம்கூட இருக்காது, பார்த்தால் குழந்தை விளையாட்டுப் பொம்மை. சும்மா இருக்கும்போது மங்கலான பழுப்பு. சீண்டினால் உடம்பெங்கும் நீல வளையங்கள் பளிச்சென்று எரியும். கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. ஆனால் சில நிமிஷத்தில் உதடு மரக்கும், நாக்கு மரக்கும், கை கால் ஓயும், பிறகு மூச்சு. மாற்று மருந்து கிடையாது. கலப்புப் பெட்டிகளில் எப்போதாவது ஒன்று தப்பி வந்துவிடும். அதைச் சிவப்பு மூடி போட்ட டப்பாவில் தனியாக அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும், எந்த வீட்டுக்கும் போகக்கூடாது என்பது கொட்டகைச் சட்டம். சட்டம் போட்டது முதலாளி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைக் காத்தவள் பேரக்கா.

அவள் கணவரும் அங்கேதான். பைகளில் ஆக்ஸிஜன் நிரப்பி, ரப்பர் வளையம் மாட்டி, பெட்டியில் அடுக்குகிற வேலை. வந்த புதிதில் தொட்டி கழுவுகிற பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பேச்சுக் கொடுத்தே கல்யாணம்வரை கொண்டுவந்தவர். அவர் வாயிலிருந்து நேரான பேச்சு வந்து யாரும் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் கேலி கலந்துதான் வரும். "ஊர்ல உள்ள ஆக்டோபஸுக்கெல்லாம் லேபிள் ஒட்டறா, எனக்கு மட்டும் இன்னும் ஒட்டலை" என்று எல்லார் முன்னாலும் குறைபட்டுக்கொள்வார். அவளும் லேசுப்பட்டவள் அல்ல. உங்க இனம் எனக்கே இன்னும் பிடிபடலை என்று முகத்தைத் திருப்பாமலே சொல்வாள்.

ஒரே மகள். படித்து, இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். இவர்கள் கொட்டகையிலிருந்து மூன்று தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். காலையில் ஒன்றாக நடந்து வருவார்கள், சாயங்காலம் ஒன்றாக நடந்து போவார்கள்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் பேரக்காவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடித் தொட்டிதான் சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு விளக்கு மாற்றச் சொன்னாள். புது விளக்கு வந்தும் எல்லாம் மோர் ஊற்றிக் கலக்கிய தண்ணீருக்குள் இருப்பது போலவே இருந்தபோது, கோளாறு தொட்டியிலும் இல்லை, விளக்கிலும் இல்லை என்று அவளுக்கே புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு இரண்டு காரணம். அவள் அப்பா இதே வயதில் கண் ஆபரேஷனுக்குப் போனவர், கட்டைப் பிரித்தபோது இருந்த பார்வையும் போய், மிச்ச காலம் சுவரைத் தடவியபடி நடந்து செத்தார். அந்தக் கை சுவரில் தேய்கிற சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. இரண்டாவது காரணத்தை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் கூசினாள். பிறந்ததிலிருந்து அவள் யாருக்கோ மகள், யாருக்கோ மனைவி, யாருக்கோ அம்மா. இந்த ஒரு இடத்தில்தான் முதலாளியே எழுந்து வந்து, "அக்கா, இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று நின்றார். கண் போனால் அதுவும் போகும்.

ஆகவே மறைத்தாள். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம், டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டதைக் காட்டி, டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டாள். டப்பா இரண்டும் ஒரே மாதிரி இருக்கு, அவ்வளவுதான் என்று பேரக்கா பூசி மெழுகினாள். கொட்டகையில் எந்த டப்பா எங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டாள். நிறம் தெரியாவிட்டால் என்ன, கை நீளம் தெரிகிறது, நடை தெரிகிறது, முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. அவரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. எப்போதும்போல் கேலி பேசிக்கொண்டு, எப்போதும்போல் கூட நடந்து வந்தார். படி இறங்கும்போது மட்டும், வயசாகுதும்மா, எனக்குத் தடுமாறுது என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொள்வார். அவள் அதை நம்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினான்கு ஆக்டோபஸ் வந்தது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மாற்றி, டப்பாவுக்கு ஒன்றாக விட்டு, பதினோரு மணிக்குள் பதினான்குக்கும் லேபிள் ஒட்டி முடித்தாள். ஒன்பதாம் டப்பாவில் இருந்தது சின்னது. ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். பழுப்பாகத் தெரிந்தது. குட்டைக் கைகள். "குள்ளன்" என்று எழுதி ஒட்டிவிட்டு, வழக்கம்போல் முன்பக்க அறைக்கு டீ குடிக்கப் போனாள். அங்கே ஒரு கடைக்காரர் போனில் பிடித்துக்கொண்டார். அவர் வாங்கிய பாசிக்காரன் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்ற பேச்சு நீண்டது.

பின்பக்கம் நடந்ததை, கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வண்டிக்காரர்தான் பிற்பாடு சொன்னார். பெட்டி ஏற்றவந்த அவரிடம், பேரக்காவின் கணவர் கையைத் துடைத்துக்கொண்டே, உதடு என்னவோ மரத்துப்போன மாதிரி இருக்கு, பொண்டாட்டி கொடுத்த சாபம் பலிச்சிடுச்சு போல என்றாராம். இவர் எப்போது நிஜமாகப் பேசியிருக்கிறார் என்று வண்டிக்காரர் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தச் சிரிப்புக்காக அந்த மனுஷன் பிறகு எத்தனையோ தடவை கண்ணீர் விட்டார்.

டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பேரக்கா பின்பக்கம் வந்தபோது, அவர் தொட்டி வரிசைகளுக்கு நடுவில் ஈரத் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. மேஜை மேல் ஒன்பதாம் டப்பாவின் மூடி ஒழுங்காகத் திருகி மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி. டப்பாவுக்கு வெளியே, மேஜைமேல் ஈரத் தடம் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. ஆக்டோபஸ் வெளியே ஏறி வந்திருக்கிறது, அவர் வெறும் கையால் எடுத்து உள்ளே விட்டிருக்கிறார். டப்பாவைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அப்போதும் பழுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அலறவில்லை. வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னாள். மண்டியிட்டு, அவர் மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினாள். இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: மூச்சுதான் நிற்கும், நாம் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் விஷம் தானாக இறங்கும், விடக்கூடாது. இன்னொன்றும் சொல்வாள். கடிபட்டவனுக்கு உடம்புதான் அசையாது. நினைவு இருக்கும், காது கேட்கும், செத்துவிட்டான் என்று நினைத்து அவன் பக்கத்தில் எதையும் பேசாதீர்கள் என்பாள்.

அதனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தான் அவள் பேசினாள். ஒரு மூச்சு ஊதிவிட்டு ஒரு வார்த்தை, இன்னொரு மூச்சு ஊதிவிட்டு இன்னொரு வார்த்தை.

"நான்தாங்க... குள்ளன்னு எழுதினது நான்தான். எனக்குக் கண்ணு தெரியலைங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்ககிட்ட சொல்லலை. பயந்துட்டேன்... என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அவள் விடவில்லை. அவள் உதடு வெடித்து ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டார்கள். இரண்டாம் நாள் விஷம் இறங்கிவிட்டது, இதயம் தானாகத் துடிக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் இவள் வந்து பார்ப்பதற்கு முன்னால் போன சில நிமிஷம் மூளைக்குக் காற்றுப் போகவில்லை. அந்தச் சில நிமிஷத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டாள். கேட்டிருக்கலாம் அம்மா, முதல்ல கொஞ்ச நேரம் கேட்டிருக்கலாம் என்றார் அவர். நான்காம் நாள் மத்தியானம், மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, போய்விட்டார்.

மகளிடம் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். மகள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டேம்மா. கையைப் பிடிச்சு இழுக்காத குறையா கூப்பிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காரியமெல்லாம் முடிந்து ஊருக்குப் போன பிறகு, தினம் ஒரு தடவை போன் செய்து சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று இவள் சொன்னதும், சரி என்று வைத்துவிடுவாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அந்த ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது.

விசாரணைக்கு ஆள் வந்தபோது, பிடித்து அனுப்பியவன் தப்பாகக் குறித்து அனுப்பிவிட்டான் என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

"அவன் கலப்புன்னுதானே அனுப்பினான்? பேர் வெச்சது நான். அப்படியே எழுதிக்கோங்க" என்றாள் பேரக்கா. எழுதிக்கொண்டார்கள். விபத்து என்று முடித்தார்கள். அவள் வேலையை விட்டாள்.

ஒன்பதாம் டப்பாவை என்ன செய்வது என்று முதலாளி கேட்டனுப்பினார். கொல்லச் சொல்லுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. அது என்ன பண்ணும், இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அது பெட்டையாம், அடிவயிற்றில் முட்டைகளைக் கைகளால் அணைத்துக்கொண்டு, எதையும் தின்னாமல் ஐந்து வாரம் இருந்து செத்ததாக வண்டிக்காரர் வந்து சொன்னார். அதைக் கேட்டு அவளுக்குக் கோபமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை.

நாலு மாதம் கழித்து மகள் லீவு போட்டு வந்து, ஒன்றும் பேசாமல் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இந்தத் தடவை பேரக்கா மறுக்கவில்லை. பார்வை போனாலும் போகட்டும் என்ற மனநிலையில் இருந்தவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்? முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன், மூன்று வாரம் கழித்து மறு கண். கட்டைப் பிரித்த டாக்டர், எல்லாம் பளிச்சென்று தெரிகிறதா, முக்கியமாக நீலம் தெரிகிறதா என்று கேட்டார். புரை முற்ற முற்ற முதலில் மங்கிப்போவது பெரும்பாலும் நீலம்தானாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பேரக்காவுக்கு ஒன்பதாம் டப்பாவில் பார்த்த பழுப்பு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கண்ணில் பட்டது கொடியில் கிடந்த அவர் சட்டை. போன வருஷம் மகள் வாங்கித் தந்தது. சாம்பல் கலர் எடுத்திருக்கிறாளே, வயசான ஆள் மாதிரி காட்டுகிறதே என்று அவள் குறைசொன்ன சட்டை. அது நல்ல நீலம். அவர் அதைப் போட்டுக்கொண்டு எதிரில் நின்றபோதெல்லாம் அவள் அவரைச் சாம்பலில்தான் பார்த்திருக்கிறாள். கொடியிலிருந்து எடுக்காமலே அந்தச் சட்டையின் கையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மகள் மறுநாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதற்கு அடுத்த நாள்தான், கொட்டகையிலிருந்து கொடுத்தனுப்பிய அவருடைய பையைப் பேரக்கா முதல்முறையாகத் திறந்தாள். டிபன் டப்பா, சீப்பு, தலைவலித் தைலம், ரப்பர் வளையம் ஒரு பிடி. அடியில் ஒரு பழைய மருந்துச் சீட்டுக் கவர். கவருக்குள் லேபிள்கள்.

அவள் எழுதி ஒட்டிய லேபிள்கள். பதினொன்று. ஒவ்வொன்றும் ஈரத்தில் உரித்து எடுத்து, காயவைத்து, மடங்காமல் அடுக்கியிருந்தது. முன்பக்கம் அவள் கையெழுத்து. பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்து: தேதியும், பக்கத்தில் ஒரு பெயரும். "பகலாளி" என்று அவள் எழுதியதன் பின்னால் "பாசிக்காரன்". "இரட்டைப்புள்ளி" என்று எழுதியதன் பின்னால் "குள்ளன்". "குள்ளன்" என்று எழுதிய இரண்டின் பின்னால், எழுத்து அழுந்தி, "நீலவளையம்". முதல் லேபிளின் தேதி, அவர் விழுந்த நாளுக்குப் பதினான்கு மாதம் முன்னால்.

வெயில் நேரம். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கொட்டகை வாசலுக்குப் போய் வண்டிக்காரரைப் பிடித்தாள். கவரை நீட்டி, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"லேபிள் மாத்தினது தெரியாதுக்கா. ஆனா நீங்க டீ குடிக்கப் போன உடனே அண்ணன் ஒவ்வொரு டப்பாவையும் தொறந்து கரண்டியால சீண்டிப் பார்ப்பாரு. தினமும். நான் ஒருநாள் கேட்டேன். 'எம் பொண்டாட்டி வெச்ச பேரு பிடிச்சிருக்கான்னு அதுங்ககிட்டயே கேக்கறேன்'னாரு. வழக்கமான கேலின்னு விட்டுட்டேன்."

அவள் ஒட்டிய பேரை நம்பி அவர் டப்பாவுக்குள் கையை விடவில்லை. நம்பாமல், அவள் மானம் போகக்கூடாதே என்று, ஒன்றிலிருந்து எட்டு வரை பார்த்து முடித்து, ஒன்பதைத் திறந்திருக்கிறார். அது வெளியே ஏறியிருக்கிறது. தரையில் விழுந்து செத்துவிடுமே என்ற அவசரத்தில் கை முந்தியிருக்கிறது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் நெஞ்சைப் பிளந்தது அவர் தெரிந்து வைத்திருந்தது அல்ல. ஈரத் தரையில் அவர் கிடக்க, வாயில் ஊதி ஊதி, எனக்குக் கண்ணு தெரியலைங்க, உங்ககிட்ட சொல்லலை என்று அவள் அழுதாளே, அதை அவர் கேட்டுக்கொண்டிருந்தால்? எனக்குத்தான் தெரியுமேம்மா என்று சொல்ல நினைத்து, நாக்கு எழும்பாமல், கண்ணைக்கூட அசைக்க முடியாமல் கிடந்திருப்பாரே. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நேராகப் பேச வேண்டியிருந்தது. அதற்கு வழியில்லாமல் போனது. இந்த எண்ணம் வந்த அன்று அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழுததில்லை.

மகளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தாள். சொன்னால் தன் பாரம் குறையும். அதனாலேயே சொல்லக்கூடாது என்று தோன்றியது. அப்பாவும் சேர்ந்து மறைத்தார் என்று ஆகிவிடும். செத்தவர் பெயரில் பழியைப் பங்கு போட்டுக் கொடுப்பதா? ஆனால் மறைத்து மறைத்துத்தானே இது வந்தது. மூன்றாம் நாள் போனில், சாப்பிட்டியா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், இந்த ஞாயிற்றுக்கிழமை வந்துட்டுப் போ, ஒண்ணு காட்டணும் என்றாள்.

மகள் வந்தாள். லேபிள்களைக் கட்டிலில் பரப்பி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, தேதிவாரியாக அடுக்கினாள்.

"ஒரே வீட்ல, ஒரே கட்டில்ல, பதினாலு மாசம்..." என்றவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். "உனக்கு வாய் இல்லை, சரி. இந்த மனுஷனுக்கு வாய்க்கு என்ன குறைச்சல்? ஊரெல்லாம் பேசினாரே. உன்னை உக்கார வெச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பாரேம்மா."

பேரக்காவுக்கும் அதே கேள்விதான். அவர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தாரா, தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாரா, இல்லை, இப்படியே சமாளித்துவிடலாம் என்ற அசட்டுத் தைரியமா? கேட்பதற்கு ஆள் இல்லை.

கவருக்குள் பன்னிரண்டாவதாக ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்ததை மகள்தான் பார்த்தாள். வெற்று லேபிள் தாள். அதில் குள்ளன், குள்ளன், பாசிக்காரன், பாசிக்காரன் என்று வரிசையாக எழுதிப் பழகியிருந்தார். மாற்றி ஒட்டிய லேபிளில் எழுத்து வித்தியாசம் தெரியக்கூடாது என்று அவள் கையெழுத்தைப் போலவே எழுதப் பார்த்திருக்கிறார். கொக்கி போட வேண்டிய இடத்தில் கோணல், கோடு போட வேண்டிய இடத்தில் வளைவு. எல்.கே.ஜி. பிள்ளை எழுதியது போல இருந்தது.

"இதுல ஒண்ணாவது உன் எழுத்து மாதிரி இருக்கா?" என்றாள் மகள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. பேரக்கா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகள் சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் அப்படிப் படுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. அந்த வார்த்தையை இருவருமே எடுக்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து போன் பேச்சு சாப்பிட்டியாவைத் தாண்டிக் கொஞ்சம் போனது.

மழைக்காலம் தொடங்கும்போது முதலாளி ஆள் அனுப்பினார். கலப்புப் பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார். இனம் எழுதி வந்தால் மட்டும்தான் இறக்குகிறார். ஆனாலும் எழுதி வந்தது சரியா என்று பார்க்க ஒரு கண் வேண்டியிருக்கிறது, இப்போதுதான் அக்காவுக்குப் பார்வை வந்துவிட்டதே, ஒருநாள் வந்து பாருங்கள் என்றார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. போனாள்.

நான்கு டப்பா வைத்திருந்தார்கள். முதல் டப்பாவுக்கு முன்னால் நின்றாள். கண்ணுக்குக் கீழே வட்டம், அதற்குள் மின்னுகிற நீலம், கைகளில் ஒவ்வொரு உறிஞ்சியின் விளிம்பும் தனித்தனியாக. முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பெயர் தொண்டைவரை வந்தது. பேனாவை எடுத்தாள். கை லேபிள்மேல் இறங்கவில்லை.

என்னக்கா, தெரியலையா என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றாள். "இரட்டைப்புள்ளி. நீங்களே எழுதிக்கோங்க."

மற்ற மூன்றையும் அப்படியே வாயால் சொன்னாள். அவர் எழுதினார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, வண்டிக்காரரிடம் குடும்பம் எப்படி இருக்கிறது என்று நின்று விசாரித்துவிட்டு, வெளியே வந்தாள். பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நாளில் மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் இருக்கிற ஊருக்கே போய்விட்டாள். அங்கே பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். ஊசியில் நூல் கோக்க யார் உதவியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.